பள்ளிக்கூடங்களின் ஊரில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள்

பாளையங்கோட்டையில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்துக்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும். ஊரின் பெருமையே அதுதான். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று இந்த ஊருக்கு ஒரு பட்டம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் தொடங்கிய பள்ளிகளும் கல்லூரிகளும் இன்னும் நடக்கின்றன. பார்வையற்றவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் தனித்தனியாக நூறாண்டைக் கடந்த பள்ளிகள் இருக்கின்றன. காலை எட்டரை மணிக்கு முருகன்குறிச்சியில் நின்று பார்த்தால் சாலையின் நிறமே சீருடைகளால்தான் மாறும். அப்படிப்பட்ட ஊரில் "பிள்ளையள எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கிய?" என்று கேட்பவர்களிடம், "வீட்டில்தான் படிக்கிறார்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டவர் முகத்தில் முதலில் வருவது கவலை. பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்ற கவலை. அந்தக் கவலையில் நிஜமான அன்பு இருக்கிறது என்பதால் நானும் பொறுமையாகவே பதில் சொல்லிப் பழகிவிட்டேன்.

கணவருக்கு வேலை மாற்றல் கிடைத்து 2024 கோடையில் சென்னை முகப்பேரிலிருந்து இங்கே குடிவந்தோம். எனக்கு வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதும் வேலை. மகளுக்கு இப்போது 11 வயது, மகனுக்கு 7. இருவரும் பள்ளிக்குப் போனதில்லை. சென்னையில் எங்களைப் போல வீட்டுக்கல்வியில் இருக்கும் குடும்பங்கள் சிலவற்றோடு பழக்கம் இருந்தது. பூங்காவில் கூடுவோம், சேர்ந்து அருங்காட்சியகம் போவோம், ஒருவர் வீட்டில் ஓவியம் என்றால் இன்னொருவர் வீட்டில் கணக்கு. இங்கே அதெல்லாம் இல்லை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

வந்த சில மாதங்களிலேயே எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, வீட்டுக்கு வெளியே தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. அங்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு அந்த இடத்தை ஊர்தான் தர வேண்டும். வீட்டுக்குள் எத்தனை புத்தகங்களை அடுக்கினாலும் அதற்கு ஈடாகாது. எனவே இங்கே எங்கள் படிப்பில் பெரும்பகுதி, ஊரைத் தெரிந்துகொள்வதும் ஊர் எங்களைத் தெரிந்துகொள்ள விடுவதும்தான்.

காலையில் இரண்டு மணி நேரம் கணக்கும் மொழியும். அதில் சமரசம் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு எந்த வயதில் எது வந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறேன். மதியத்துக்கு மேல் என் வேலை. அவர்கள் வாசிப்பார்கள், வரைவார்கள், சண்டை போடுவார்கள். வாரத்தில் ஒரு நாளாவது வெளியே போகிறோம்.

நாளிதழில் இருந்து தொடங்கிய ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் அணைகளின் நீர்மட்டம் அடிக்கடி வரும். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இவை அணைகளின் முழுக் கொள்ளளவு உயரங்கள். இன்றைய நீர்மட்டம் எவ்வளவு, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்று பக்கத்திலேயே இருக்கும். இந்த ஊரில் பெரியவர்கள் அதை ராசிபலனுக்கு முன்னால் படிக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "பாவநாசம் எவ்வளவு போட்டிருக்கான்னு பாரு தாயி" என்று என் மகளைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். அப்படி வாசித்து வாசித்து, ஒரு நாள் தானாகவே வரைபடத் தாளை எடுத்துப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

ஜூனில் அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு துளி மழை கிடையாது. காற்று மட்டும் கொடியில் காயப்போட்ட துணியைப் பிய்த்துக்கொண்டு போகிறது. ஆனால் பாபநாசம் அணையின் மட்டம் நாளுக்கு நாள் ஏறுகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நிலப்படத்தை விரித்துப் பார்த்தோம். தென்மேற்கிலிருந்து வரும் மேகம் பொதிகை மலையில் மோதிக் கொட்டிவிட்டு, மிச்சமிருக்கும் காற்றை மட்டும் நமக்கு அனுப்புகிறது. குற்றாலத்தில் சாரல் விழும் அதே வாரத்தில் இங்கே ஏன் புழுதி பறக்கிறது என்பதும் அதோடு சேர்ந்து விளங்கியது. அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை வந்தபோது அவளுடைய கோடு மறுபடி ஏறியது. ஓராண்டு முடிந்து தாள்களை ஒட்டிப் பார்த்தபோது படத்தில் இரண்டு முகடுகள் இருந்தன. இந்த அணைகளின் தண்ணீர் ஓடிவரும் தாமிரபரணி வற்றாத ஆறு என்று பாடநூலில் ஒரு வரி வரும். அதன் காரணம் அவள் கையாலேயே வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, "இது கார், இது பிசானம்" என்று இரண்டு முகடுகளையும் விரலால் தொட்டுக் காட்டினார்கள். இங்கே நெல்லுக்கு இருக்கும் இரண்டு போகங்களின் பெயர்கள் அவை. ஜூன் வாக்கில் தொடங்குவது கார், ஐப்பசி மழையோடு தொடங்குவது பிசானம்.

அந்தப் படத்தில் எனக்கே தெரியாத இன்னொன்றும் இருந்தது. பாபநாசம், சேர்வலாறு இரண்டு அணைகளின் கோடுகளும் ஒன்றையொன்று ஒட்டியே ஏறி இறங்கின. மணிமுத்தாறு அப்படி இல்லை, தனிப்போக்கு. "ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கறதாலயா?" என்று கேட்டாள். தேடிப் பார்த்ததில், அந்த இரண்டு அணைகளையும் மலைக்குள் ஒரு சுரங்கம் இணைக்கிறது என்று தெரிந்தது. தன் கோட்டிலிருந்தே ஒரு சுரங்கத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவளுக்குப் பல நாள் இருந்தது. சின்னவனுக்குக் கோட்டில் ஆர்வமில்லை, கன அடியில்தான் ஆர்வம். ஒரு கன அடி என்றால் ஏறத்தாழ 28 லிட்டர். எங்கள் குளியலறை வாளிக்கு இரண்டு வாளி. வினாடிக்கு 1,000 கன அடி திறப்பு என்றால் ஒரு வினாடியில் இரண்டாயிரம் வாளி. அதை நம்ப முடியாமல், ஆற்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போனான்.

போனது குறுக்குத்துறைக்கு. அங்கே முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும். அது தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வரும் திசையில் இருக்கும் சுவரைப் படகின் முனை போலக் கூராக அமைத்திருக்கிறார்கள். வெள்ளம் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து போய்விடும். ஆற்றில் தண்ணீர் ஏறும் செய்தி வந்ததும் உற்சவரையும் கோயில் பொருட்களையும் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பாறையில் செதுக்கிய மூலவர் அங்கேயே இருப்பார். வெள்ளம் வடிந்த பிறகு சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூசை தொடங்கும்.

என் மகன் அன்று படித்துறை ஓரத்தில் இரண்டு கற்களை வைத்து விளையாட ஆரம்பித்தான். தட்டையான கல் ஒன்று, முனை உள்ள கல் ஒன்று. தட்டைக் கல்லின் முன்னால் தண்ணீர் குவிந்து எழும்பியது. முனைக் கல்லை வழுக்கிக்கொண்டு போனது. கல்லைத் திருப்பி வைத்துப் பார்த்தான். சருகுகளை மிதக்க விட்டு அவை எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தான். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, நிழலில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "அந்தப் பக்கம் போகாதல, இழுத்துரும்" என்று அதட்டி, எந்தப் படிக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது என்று கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோடு எங்கள் வீட்டில் இன்றும் சட்டம். ஆற்றைப் பற்றி அந்த ஆற்றிலேயே நாள்தோறும் நிற்கும் ஒருவர் சொல்வதற்கு மேல் நான் என்ன பாதுகாப்புப் பாடம் நடத்திவிட முடியும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தைப் பற்றி இங்கே எல்லோரும் பேசுவார்கள். நாங்கள் வருவதற்குச் சில மாதங்கள் முந்தி நடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தமிழகத்துக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழை ஏறக்குறைய அவ்வளவுதான். ஆண்டுக் கணக்கு மழை ஒரு நாளில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்களுக்குக் காணொளி தேவைப்படவில்லை. ஆற்றோரத் தெருக்களில் வீட்டுக்காரர்களே சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள், இதுவரைக்கும் வந்தது என்று. மகள் அளவு நாடா எடுத்துக்கொண்டு போய் அனுமதி கேட்டு அளந்து எழுதி வந்தாள். ஒரு வீட்டில் அந்த அளவு அவள் தலைக்கு மேல். திரும்பி வரும் வழியில் அவள் அதிகம் பேசவில்லை. அன்று இரவு அப்பாவிடம், நம் வீடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டாள்.

பயணங்களைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புதிய புதிய இடங்களுக்குப் போவதைவிட ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதைத்தான் நான் விரும்புகிறேன். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பலரும் பார்த்த இடங்களின் பட்டியலைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் தடவை போகும்போது பிள்ளை பார்ப்பது ஐஸ் வண்டியைத்தான். இரண்டாம் தடவை இடத்தைப் பார்க்கிறாள். அடுத்தடுத்த தடவைகளில்தான் போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கிறாள். கேள்வி அங்கேதான் பிறக்கிறது. குறுக்குத்துறையின் எந்தப் படி எந்த மாதத்தில் வெளியே தெரியும் என்று இவர்கள் இருவருக்கும் தெரியும். நயினார்குளத்தில் தண்ணீர் குறையும்போது எந்தக் கொக்கு முதலில் வந்து சேற்றில் நிற்கும் என்றும் தெரியும். கொக்கிரகுளத்தில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்கும் அப்படித்தான். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்துப் போய், அந்த ஒரு நாளில் ஒரே ஒரு கருவியை மட்டும் திருப்தியாக இயக்கிப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

பறவைகள் விஷயத்தில் எங்களுக்கு ஊரே கை கொடுத்தது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று நடத்துவது. தை மாதக் குளிரில் விடியற்காலையில் குளத்தங்கரையில் தன்னார்வலர்கள் குழுக்குழுவாக நிற்பார்கள். நாங்களும் போய் நின்றோம். என் மகளுக்குத் தொலைநோக்கியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு கல்லூரி மாணவி. முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், பாம்புத்தாரா என்று பெயர்கள் அன்றே நாக்கில் ஏறிவிட்டன. கூட்டமாக இருக்கும் பறவைகளை எப்படிப் பத்துப் பத்தாக, நூறு நூறாகக் கண்ணால் பிரித்து எண்ணுவது என்பதும். அதைவிட முக்கியமாக இன்னொன்றை அங்கே கற்றுக்கொண்டாள். ஒரு குளத்தில் பறவையே இல்லையென்றால் அதையும் எழுத வேண்டும். போகவில்லை என்பது வேறு, போனோம், ஒன்றுமில்லை என்பது வேறு. கணக்கெடுப்பில் சுழியும் ஒரு தகவல் என்பதைப் பதினோரு வயதில் புரிந்துகொண்ட பிள்ளை, பெரியவளானதும் ஒரு புள்ளிவிவரத்தை அவ்வளவு எளிதில் நம்பிவிட மாட்டாள் என்று நினைக்கிறேன்.

கூந்தன்குளத்துக்கும் போனோம். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். வீட்டு முற்றத்து மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. எச்சம் வாசலில் விழுந்தாலும் ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி அந்தக் குளத்துக்கு வந்து இறங்குகிறது என்று கேட்டதும் மகன் வாத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சரி, ஆதிச்சநல்லூர். திருச்செந்தூர் பேருந்தில் ஏறினால் வழியிலேயே இருக்கிறது. 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 114 ஏக்கர் பரப்புள்ள ஈமக்காடு. 2023-இலிருந்து, தோண்டிய குழியிலேயே, இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளை வைத்து மேலே கண்ணாடித் தளம் போட்டுக் காட்டுகிறார்கள். காலுக்குக் கீழே தாழிகள் தெரிய, அதன் மேலேயே நடக்கலாம்.

சில தாழிகளில் உடலை மடக்கி அப்படியே வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் எலும்புகளை மட்டும் பிறகு சேர்த்து வைத்திருக்கிறார்கள். கூடவே இரும்புக் கருவிகள், சிறு கலங்கள், நெல். இதை அங்கிருந்த பணியாளர் எங்களுக்கு நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். என் அப்பா இறந்து அப்போது ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. மகள் திடீரென்று, "தாத்தாகூட நாம என்ன வெச்சோம்?" என்று கேட்டாள்.

"ஒன்னும் வெக்கலம்மா."

"வாயில அரிசி போட்டோமே."

ஆமாம், வாய்க்கரிசி போட்டோம். அவள் அதைக் கவனித்து வைத்திருந்தாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "இவங்களும் நெல்லு வெச்சிருக்காங்க" என்றாள். இதே பகுதியில் இருக்கும் சிவகளையில் கிடைத்த ஒரு தாழியின் நெல்லைக் கரிமப் பகுப்பாய்வு செய்தபோது, அது கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று முடிவு வந்தது. 3,000 ஆண்டுகளுக்கு மேல். அந்த எண்ணை அதற்கு முன்பே அவளுக்குச் சொல்லியிருக்கிறேன், காலக்கோட்டில் குறித்தும் இருக்கிறாள். ஆனால் அந்த எண்ணுக்கு எடை வந்தது அந்தக் கண்ணாடித் தளத்தின் மேல் நின்றபோதுதான். அவளுக்கும் எனக்கும். பள்ளிச் சுற்றுலாவில் போயிருந்தால் அடுத்த வரிசை பின்னாலிருந்து நகரச் சொல்லியிருக்கும். நாங்கள் அங்கே வெகுநேரம் நின்றோம். யாரும் அவசரப்படுத்தவில்லை. வீட்டுக்கல்வியில் எனக்கு மிகவும் பிடித்தது எதுவென்று கேட்டால் இந்த அவசரமின்மையைத்தான் சொல்வேன்.

பங்குனியில் தேரிக்காட்டுக்குப் போனது காய்கறிக்கடை அண்ணாச்சியின் உபயம். அவருக்குச் சொந்த ஊர் குதிரைமொழித் தேரிப் பக்கம். "எங்க சின்னையா இன்னமும் பனையேறுதாரு, சொல்லிவிடுதேன், போங்க" என்றார். யாராவது சொல்லிவிடாமல் ஒருவர் வேலை செய்யும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பதில்லை என்பதில் நான் கறாராக இருக்கிறேன். பனையேறுபவருக்கு ஒரு நாளில் ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏற வேண்டும். நம் பிள்ளையின் கேள்விகளுக்காக அவர் நேரம் ஒதுக்கக் கடமைப்பட்டவர் இல்லை. எனவே அவர் இறங்கி வந்து உட்காரும் வரை காத்திருப்போம். போகும்போது கருப்பட்டி ஊற்றத் தேங்காய்ச் சிரட்டைகளைச் சேர்த்து எடுத்துப் போவோம், வரும்போது கருப்பட்டி வாங்கி வருவோம்.

தேரி மணல் செக்கச்செவேல் என்று இருக்கும். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் வரும் நிறம். காற்று கொண்டுவந்து குவித்த மேடுகள். மகன் சட்டைப்பையில் காந்தத்தோடுதான் வந்திருந்தான். மணலில் இழுத்ததும் கறுப்புத் துகள்கள் முள் முள்ளாக ஒட்டிக்கொண்டு வந்தன. சிவப்பு மணல் ஒட்டவில்லை. "இரும்பு இருக்குன்னீங்க, ஏன் செவப்பு ஒட்ட மாட்டேங்குது?" என்று அங்கேயே கேட்டான். துருப்பிடித்த ஆணி, துருவைச் சுரண்டி எடுத்த தூள், புது ஆணி மூன்றையும் வைத்து வீட்டில் ஒரு வாரம் அந்தச் சோதனை ஓடியது.

அப்புறம் பதநீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அது கள்ளாகிவிடும். தடவினால் பதநீர். இந்த ஒரு வரியில் நுண்ணுயிர், நொதித்தல், காரம் எல்லாம் அடங்கிவிட்டன. கள் இறக்குவது தமிழகத்தில் ஏன் சட்டப்படி கூடாது என்ற அரசியல் கேள்வியும் கூடவே வந்தது. அந்த வீட்டு அம்மா அகன்ற தாச்சியில் பதநீரைக் காய்ச்சுவதை வெகுநேரம் பார்த்தோம். நுரை பொங்கி வழியப் போகும் நேரத்தில் இடித்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போட்டார்கள். பொங்கியது அப்படியே அடங்கியது. எண்ணெய் நுரையை உடைக்கும் என்பதை என் பிள்ளைகள் கண்ணால் பார்த்தது அங்கேதான். பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டைகளில் ஊற்றினார்கள். நாங்கள் கொண்டுபோனவையும் அதில் இருந்தன. சின்னவன் தன் சிரட்டைகள் எவை என்று கடைசிவரை காவல் காத்தான். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நான் சொன்னபோது அந்த அம்மா தலையாட்டிவிட்டு, அடுத்த வருசம் மரமேற ஆள் கிடைக்குமா என்றுதான் கவலைப்பட்டார்கள். மகள் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

தூத்துக்குடி உப்பளத்துக்கு இதுவரை சும்மா எட்டிப் பார்க்க மட்டுமே முடிந்திருக்கிறது. பாத்தியில் நிற்கும் தண்ணீரின் உப்படர்வை அங்கே டிகிரியில் சொல்கிறார்கள். 24, 25 டிகிரி வந்தால்தான் உப்பு படியும். அந்த வெயிலில் சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்க முடியாது. வேலை செய்பவர்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள் என்பதை இருவரும் பார்த்தார்கள்.

இப்படிப் போவதற்குக் காசு எவ்வளவு ஆகிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் எனக்கும் மகளுக்கும் கட்டணமில்லை, மகனுக்கு அரை டிக்கெட். புளிச்சாதமும் தண்ணீரும் வீட்டிலிருந்து. பெரும்பாலான நாட்களின் செலவு இவ்வளவுதான்.

வீட்டிலேயே நடப்பதும் குறைவில்லை. மகாராஜநகர் உழவர் சந்தையில் அன்றைய விலைப் பலகையைப் பார்த்து 100 ரூபாய்க்குள் இரண்டு நாள் காய்கறியைத் திட்டமிடுவது மகனின் பொறுப்பு. வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். மீதிச் சில்லறையில் அவன் செய்யும் கணக்குகள் பயிற்சிப் புத்தகத்தில் வருவதைவிடக் கடினமானவை. ஆச்சியின் பேச்சில் பழைய நெல் அளவுகளான மரக்காலும் கோட்டையும் சாதாரணமாக வந்து விழும். 21 மரக்கால் ஒரு கோட்டை என்று சொல்லிக்கொடுத்தார்கள். பத்தின் மடங்குகளிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு 21 பெரிய குழப்பம். ஆச்சி அவர்களுடைய அப்பா காலத்து நெல் கணக்கை வாயாலேயே போட்டுக் காட்டியபோது மகள் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

நட்புதான் மெனக்கெட வேண்டிய இடம். அதை மறைத்து எழுதுவது நியாயமில்லை. தெருவில் மற்ற பிள்ளைகள் எல்லோரும் மாலை ஐந்துக்கு மேல்தான் கண்ணில் படுவார்கள். அதிலும் டியூஷன் இல்லாத நாட்களில்தான். எனவே ஐந்து முதல் ஏழு வரை எங்கள் வீட்டில் வேறு எதுவும் வைத்துக்கொள்வதில்லை. வ.உ.சி. மைதானம், தெருமுனை, யார் வீட்டு மொட்டைமாடி, எதுவானாலும் போகட்டும். மகனுக்கு மட்டைப்பந்து மூலமாகவே ஒரு பட்டாளம் சேர்ந்துவிட்டது. மகளுக்கு நாளானது. பேருந்து நிறுத்தத்தில் ஒரே நிறச் சீருடையில் தோழிகள் கை கோத்துக்கொண்டு போவதை அவள் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். "ஒன்பதாவதுல நான் ஸ்கூல்ல சேரலாமா?" என்று கேட்டாள். சேரலாம். அவள் முடிவு அது. வீட்டுக்கல்வி என் கொள்கைக்காக அவள் சுமக்கும் பொருளாகிவிடக் கூடாது என்பதில் நானும் கணவரும் ஒரே மனதாக இருக்கிறோம்.

சட்டம், தேர்வு பற்றியும் ஒரு வார்த்தை. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு அந்தச் சட்டம் தடையில்லை என்று 2012-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்னது. தமிழகத்தில் பன்னிரண்டரை வயது நிறைந்த பிள்ளை எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். மகள் எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதிப் பார்க்க விரும்புகிறாள். தேர்வு என்றால் என்னவென்று அறியும் ஆவல் அதில் பாதி.

இப்போது அவளுக்கு வேறு ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளை வரிசையாகப் பெரிய தாளில் வரைகிறாள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றிலிருந்தும் பிரியும் கால்வாய் எந்தக் குளத்தில் போய் முடிகிறது என்று நீல மையில் கோடு. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே தாள் காலியாக இருக்கிறது. ஒரு காலத்தில் கடல் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது என்று படித்ததிலிருந்து, ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்கிறாள். ஏரல், கொற்கை, ஆத்தூர், பிறகு ஆறு கடலில் சேரும் புன்னக்காயல். ஒரே நாளில் முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள். கொற்கைக்கு ஒரு நாள், புன்னக்காயலுக்கு ஒரு நாள். பேருந்து நேரம் விசாரிக்கும் பொறுப்பைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறாள். அவன் காய்கறிக்கடை அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டு வந்து, முதல் வண்டி காலையிலேயே கிளம்பிவிடுமாம், அதனால் முந்தின நாள் ராத்திரியே புளிச்சாதம் கிளற வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.